மூலத்தில் இல்லாத ஒரு வரி

நான் பிறவித் தொடைநடுங்கி. பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போடும்போதே கை உதறும். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு நொடி தயங்கினால் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுவிடுவேன். போலீஸ்காரர் தெருவின் அந்தப் பக்கம் நின்றால் நான் இந்தப் பக்கமாக நடப்பேன். ஒரு தப்பும் செய்திருக்க மாட்டேன், ஆனாலும் அப்படித்தான் நடப்பேன். இப்படிப்பட்டவள் வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்தது பயத்தைப் பற்றித்தான் என்று கேள்விப்பட்டால் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்பாவுக்கு தி. நகரில் ஜவுளிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படித்தேன், அடையாறில் மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் கற்றேன். உதவித்தொகை கிடைத்து, அந்த நாட்டின் ஒரு சின்ன ஊர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், "பொண்ணு ஜெர்மனில டாக்டருக்குப் படிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரோ மூட்டுவலிக்கு மருந்து கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

"அந்த மீசைக்காரரப் பத்தித்தானே படிக்கறே?" என்று கேட்காத உறவினர் கிடையாது. இல்லை. மீசைக்காரரைப் பற்றி எழுத உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நான் படித்தது அவருடைய பன்னிரண்டு வருஷ ஆட்சியில் பக்கத்து வீட்டைப் பற்றிப் போலீசுக்குக் கடிதம் எழுதிப் போட்டவர்களை. தமிழில் இதற்கு அருமையான பெயர் இருக்கிறது: மொட்டைக் கடிதம். ரகசியப் போலீஸ் எல்லாக் கதவிலும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். அத்தனை ஆள் அவர்களிடம் இல்லை. காது வைத்தவர்கள் எதிர் வீட்டுக்காரர்கள். காரணங்களும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மாடிப்படியில் தண்ணீர் சொட்டியது, துணிக்கொடியை மறித்தது, குழந்தை அழுதது. என் முதல் புத்தகம் அந்த ஒரு ஊரின் கடிதங்களைப் பற்றியது. இரண்டாவது அந்த ஊரின் மாடிப்படிகளைப் பற்றியது. இரண்டும் வெளிநாட்டில் நாலு நூலகத்தில் இருக்கின்றன, மேற்கு மாம்பலத்தில் என் கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சீட்டு எழுதுவது என் வழக்கம். சீட்டில் மூன்று வரி. யார் எழுதியது? எதற்கு எழுதியது? பிறகு என்ன ஆயிற்று? முதல் வரி சில சீட்டுகளில் நிரம்பும். இரண்டாவதை ஊகிக்கத்தான் முடியும், ஏனென்றால் எல்லாக் கடிதத்திலும் ஒரே வாசகம் இருக்கும்: எனக்கு அவர்கள்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. இந்த வாசகம் இருந்தால் விரோதம் இருக்கிறது என்று அர்த்தம், இது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். மூன்றாவது வரி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். காகிதம் அதற்குமேல் பேசாது.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்றாவது புத்தகத்தைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். நம்மவர்கள் படிக்க வேண்டும் என்று ஆசை. அங்கேதான் சிக்கல் வந்தது. ஜெர்மன் கடிதங்களைத் தமிழாக்கினால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. படிக்கிறவருக்கு வயிற்றைக் கலக்க வேண்டாமா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூலத்தைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். அதே கடிதத்தை நம் தெருவில் ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவார் என்று முதலில் கையால் எழுதிப் பார்ப்பேன். தமிழ்த் தொனி பிடிபட்டதும், நம் தெருவை எடுத்துவிட்டு அவர்கள் தெருவைத் திரும்ப வைப்பேன். நல்ல முறை என்று எனக்கே என்னைப் பாராட்டிக்கொள்ளத் தோன்றியது.

அன்று எடுத்த கடிதம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த புத்தக பைண்டரையும் அவர் மனைவியையும் பற்றியது. கோப்பில் அதற்கு அப்புறம் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: வீடு காலி. அவர்கள் போனார்களா, கொண்டுபோகப்பட்டார்களா, எதுவும் இல்லை. அந்த இரண்டு சொல்லைப் பார்த்து நான் அந்தக் காப்பகத்தில் அழுதிருக்கிறேன்.

என் நாற்காலியில் உட்கார்ந்து அதை நம் தெருவுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. எனக்கு நேர் கீழே, கீழ்த்தளத்தில், ஆரி வேலை செய்கிற பாய் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகையும் மணியும் கல்லும் வைத்துத் தைப்பார், தி. நகர்க் கடைகளிலிருந்து துணிச் சுருள்கள் வரும். வீட்டில் உருது பேசுவார்கள். என் ரவிக்கைகளையும் அவர் மனைவிதான் தைத்துக் கொடுப்பார். பேனா தானாக ஓடியது.

"பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள். ஐயா, பொதுநலன் கருதி இதை எழுதுகிறேன். எனக்கு யார்மேலும் தனிப்பட்ட விரோதம் கிடையாது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு நேரம் காலம் இல்லாமல் ஆட்கள் வந்து போகிறார்கள். கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. நமக்குப் புரியாத மொழியில் பேசிக்கொள்கிறார்கள். பெரிய சுருள்கள் வருகின்றன, உள்ளே என்ன என்று தெரிவதில்லை. அங்கிருந்து ஏதோ ரசாயன வாடை வருகிறது. தாங்கள் ஒருமுறை விசாரித்தால் அக்கம்பக்கத்தார் நிம்மதியாக இருப்போம். இப்படிக்கு, நலம் விரும்பும் குடியிருப்பவர்."

தெருப் பெயரையும் போட்டேன், அப்போதுதான் தொனி சரியாக வரும் என்று. படித்துப் பார்த்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. சபாஷ் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் முந்தைய அத்தியாயத்தை நகல் எடுத்து, பாலவாக்கத்தில் இருக்கும் பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரயில் நிலையம் போகிற வழியில் உள்ள ஜெராக்ஸ் கடையில் காகிதக் கட்டைக் கொடுத்தேன், கையால் எழுதிய கடிதமும் அதன் அடியில் கலந்திருப்பது தெரியாமல். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். நகல் எடுப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் செய்கிற தப்பு அது: கடைசித் தாள் மிஷினின் கண்ணாடிமேல், மூடிக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை, காபி டம்ளரோடு கைபேசியை எடுத்தேன். அப்பார்ட்மென்ட் குரூப்பில் செகரட்டரி ஒரு படம் போட்டிருந்தார். என் கையெழுத்து. முழுக் கடிதமும்.

காபி எங்கே கொட்டியது என்று இப்போது நினைவில்லை. கொட்டியது மட்டும் தெரியும்.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: தண்ணீர்த் தொட்டி நோட்டீஸ் நகல் எடுக்கப் போன இடத்தில் மிஷினுக்குள் இது கிடைத்தது, நம் கட்டடத்தில் யாரோ போலீசுக்கு எழுதியிருக்கிறார்கள், விஷயம் சாதாரணமில்லை, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம், ஸ்டேஷனில் கொடுப்பதா, வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்யச் சொல்வதா என்று முடிவெடுப்போம். செகரட்டரி வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் அல்ல. வெள்ளம் வந்த வருஷம் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் எனக்கு பிரஷர் மாத்திரை வாங்கி வந்தவர். அதை நினைத்ததும் இன்னும் அதிகமாகப் பயந்தேன். நான் படித்த கோப்புகளிலும் கெட்டவர்கள் குறைவு.

உடனே நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. "இது என் புத்தகத்துக்காக எழுதியது, மன்னியுங்கள்." விரல் அந்த எழுத்துகளுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. மேடம் எழுதினாரா? போலீசுக்கா? பாயைப் பற்றியா? எல்லோரும் என்ன நினைப்பார்கள்? கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடையை நடத்துகிற பெண்மணி என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"அந்த பேப்பரா மேடம்? உங்க பில்டிங் சாருதான் எடுத்துக்கினு போய்ட்டாரு. யாரு குடுத்தாங்கோன்னு எங்கிட்ட கேட்டாரு. காலைலேர்ந்து எவ்ளோ பேரு வந்துட்டுப் போறாங்கோ, எனக்கு இன்னா தெரியும்? ஏன் மேடம், அது உங்களுதா?"

"ஐயோ, இல்லை இல்லை. சும்மா கேட்டேன்" என்றேன்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

வீடு திரும்புவதற்குள் குரூப்பில் பேச்சு சூடு பிடித்திருந்தது. ஒரு கடிதம் பத்து வாயைத் திறக்கும் என்று என் இரண்டாவது புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், அதைக் கண்ணெதிரே பார்ப்பேன் என்று எண்ணியதில்லை. என் எதிர் வீட்டு முதல் மாடிக்காரர், ஆட்கள் வருவதைத் தானும் கவனித்ததாக எழுதினார். இரண்டாவது மாடியில் உள்ள அம்மாள், சுருள்களைப் பார்த்து அப்போதே சந்தேகப்பட்டதாக எழுதினார். எல்லோரும் அதிகம் பிடித்துக்கொண்டது ரசாயன வாடையை. "எனக்கும் வந்தது" என்று மூன்று வீட்டார் எழுதிவிட்டார்கள், அதில் ஒருவர் மூன்றாவது மாடி. ஒருவர், "இந்தக் காலத்தில் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார். என்ன சொல்ல வருகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த வாடை கல் ஒட்டுகிற பசையினுடையது என்று எனக்குத் தெரியும். பாயின் வேலை ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது என் ஜன்னல் ஒன்றுதான். மூன்றாவது மாடிக்கு அது போகவே போகாது.

அந்தக் குரூப்பில் பாயும் இருந்தார். எல்லோரும் அதை மறந்துவிட்டார்களா, மறந்த மாதிரி இருந்தார்களா தெரியாது. மதியம் போல அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "எப்ப வேணா வந்து பாருங்க சார். கதவு தொறந்தே வைக்கிறேன்."

அன்றிலிருந்து கீழ் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வெயிலும் தூசியும் கல்யாண ரவிக்கைகள்மேல் விழுந்தாலும் பரவாயில்லை என்று திறந்து வைத்திருந்தார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் இருபுறமும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் வழக்கமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இப்போது ஒரு சத்தம் இல்லை. பேசினால் உருதுவில் அல்லவா பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை படியிறங்கியபோது பாய் எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்து நின்றதே கிடையாது, நான் நிற்கவும் விட மாட்டேன்.

"டீச்சர்மா, உங்க ப்ளவுஸ் இன்னிக்கே முடிச்சிர்றோம். மத்ததெல்லாம் அப்புறம்."

"அதுக்கென்ன அவசரம் பாய்? கடை வேலைய முதல்ல பாருங்க."

"இல்ல இல்ல, உங்களுதுதான் முதல்ல" என்றார். அவர் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. பாவம், எல்லோரிடமும் பயந்துபோய் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எந்தக் கடைக்குப் போகக் கிளம்பினேன் என்பதே மறந்துவிட்டது.

இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டால் தெரியாது. கையெழுத்தை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கட்டடத்தில் நான் எப்போது, எங்கே, எதில் கையெழுத்திட்டேன் என்று யோசித்துப் பட்டியல் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அந்த இரண்டு நாளில் பாதி நேரம் நான் பயந்தது பாய்க்காக அல்ல, எனக்காக. குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. என் சீட்டுகளில் உள்ளவர்கள் செய்ததும் அதைத்தான். எனக்கு அவர்களின் பெயர் தெரியும், அவர்களை எவ்வளவு ஏளனமாக எழுதியிருக்கிறேன் என்பதும் தெரியும்.

சனிக்கிழமை மதியம் ஒரு முடிவுக்கு வந்தேன். கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது. வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஜெர்மன் மூலத்தின் நகலைக் கொண்டுபோய், இதோ பாருங்கள், வரிக்கு வரி மொழிபெயர்ப்பு என்று காட்டுவது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, பைண்டர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். கைபேசியில் இருந்த என் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ஆட்கள் வந்து போவது, அதில் இருந்தது. சாத்திய கதவு, அங்கே திரை. புரியாத மொழி, அங்கே வானொலி. சுருள்கள், அங்கே பொட்டலங்கள்.

ரசாயன வாடை அதில் இல்லை.

மறுபடி படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். பைண்டர் வீட்டிலும் பசை இருந்திருக்கும், ஆனால் அதைப் பற்றி அந்த மொட்டைக் கடிதக்காரர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அந்த வரியை நான்தான் எழுதியிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் மதியம் அந்த வாடை என் ஜன்னலில் ஏறி வரும், தலை வலிக்கும், ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு முணுமுணுப்பேன். கீழே போய் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. ஏதாவது மனத்தாங்கல் வந்துவிடுமோ என்று பயம். அந்த முணுமுணுப்பு இரண்டு வருஷம் எனக்குள்ளேயே கிடந்து, தொனி தேடுகிறேன் என்று உட்கார்ந்த நேரம் பார்த்து வெளியே வந்திருக்கிறது. எனக்கு யார்மேலும் தனிப்பட்ட விரோதம் கிடையாது என்று மேலே எழுதிவிட்டு, நாலு வரி கீழே.

அந்த மதியம் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாய் மட்டும் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செகரட்டரி கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஆவணத்தைக் கையாளுவதில் அவருக்கு இருந்த அக்கறை என் மாணவர்களில் பலருக்கு இருந்ததில்லை.

"நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா ஒரு லெட்டர்னு கைல கெடைச்சுட்டா, பாத்துண்டு சும்மா இருக்க முடியுமோ? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைன்னா கேப்பா?" என்று ஆரம்பித்தார்.

எழுந்தேன். சொல்லிவிட்டேன். நான்தான் எழுதினேன், என் புத்தகத்துக்காக, இது ஜெர்மனியில் ஒருவர் எழுதிய கடிதம், நம் தெருவில் வைத்து எழுதிப் பார்த்தேன், தாள் கடையில் தங்கிவிட்டது, வியாழக்கிழமையே சொல்லாதது என் கோழைத்தனம். மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பிறகு முதல் மாடிக்காரர் சிரித்துவிட்டார், எல்லோரும் சிரித்தார்கள். "மேடத்தோட ரிசர்ச்சா, நாங்க பயந்தே போய்ட்டோம்" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் இளகியது. முடிந்தது என்று நினைத்தேன்.

செகரட்டரி சிரிக்கவில்லை. ஜெர்மன் தாளையும் தமிழ்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர் போலப் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். இந்த வாடை? அதுவும் அந்த ஜெர்மன்காரன் எழுதினதுதானா, இல்லை நம்மாத்து வாடையா?"

இருந்தது என்று நான் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருக்கும் ஜெர்மன் தெரியாது. ஒரு சின்ன "ஆமாம்" போதும். ஜெராக்ஸ் கடையில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கண் மூடித் திறப்பதற்குள் பொய் சொன்னவள்தானே நான். ஆனால் என் கையில் மூலம் இருந்தது. மூலத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அத்தனை வருஷம் மாணவர்களைத் திட்டித் திட்டி ஊறிப்போன பழக்கம் அது. பிழை திருத்துகிறவளைப் போல நிதானமாக, "இல்ல சார், அந்த ஒரு வரி மூலத்துல இல்ல. அது நான் சேர்த்தது" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கலாம்.

"பாத்தேளா" என்றார் செகரட்டரி, மற்றவர்களைப் பார்த்து. "அப்போ வாடை நெஜம்."

அது பசை வாடைதான், கல் ஒட்டுகிற பசை, நான் தினம் முகர்கிறேன் என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. ஸ்டேஷனுக்கு வேண்டாம், ஆனால் எதற்கும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. பாய் முன்னால் நடந்தார். ஐந்து பேர் அவர் பின்னால் போனார்கள், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். பசை டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, அவராகவே திறந்து காட்டினார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியையும் இழுத்துக் காட்டினார். சமையலறை வாசலில் அவர் மனைவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமைதான் கீழே போகத் தைரியம் வந்தது. பாய் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வேலை செய்கிறவர்கள் யாரும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர் ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்திவிட்டு எழுந்து, அலமாரியில் இருந்து என் ரவிக்கையை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. நான் துணியோடு எழுதிக் கொடுக்கிற சீட்டு. கை ஒன்பது, கழுத்து ஆறரை, பின்னால் நாடா வேண்டாம், அவசரமில்லை. எல்லாம் என் கையெழுத்தில்.

"அன்னிக்குக் காலைலயே தெரியும் டீச்சர்மா. போட்டோவப் பாத்ததும் எங்க வூட்டுக்காரிதான் சீட்ட எடுத்தாந்து பக்கத்துல வச்சிப் பாத்தா. யாரான்ட சொல்றது? நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. போலீசுக்கே எழுதிக்கீறீங்கன்னா இன்னா தப்பு பண்ணோமோன்னு ரெண்டு பேரும் ஒக்காந்து ஒக்காந்து யோசிச்சோம்."

அப்போதுதான் புரிந்தது. அவர் எழுந்து நின்றது, என் ரவிக்கையை முதலில் முடித்தது, அவர் மனைவி நிமிர்ந்து பார்க்காதது எல்லாம் கட்டடத்துக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்து. யாரைப் பார்த்தும் நடுங்குகிற என்னைப் பார்த்து ஒரு குடும்பம் மூன்று நாள் நடுங்கியிருக்கிறது.

"கூட்டத்துல சொன்னது புரிஞ்சிது" என்றார் பாய். "புக்குக்கோசரம் எழுதிக்கீறீங்க. செரி. எட்டு வூடு கீது இங்க. எங்க வூட்ட ஏன் எடுத்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆராய்ச்சி முறை, தொனி, கீழ்த்தளம் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு உண்மையைச் சொன்னேன். பசை வாடை. தலை வலிக்கும். ரெண்டு வருஷமா சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்.

அவர் பசை டப்பாவைக் கையில் எடுத்தார்.

"அவ்ளோதானா? மேலேர்ந்து ஒரு கொரல் குடுத்திருக்கலாமே டீச்சர்மா. டப்பாவ அந்தாண்ட ஜன்னலாண்ட வச்சிருப்பேனே."

அடுத்த மாதம் அவர்கள் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்விட்டார்கள். யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. செகரட்டரி, "இருங்கோ, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்றுகூடச் சொன்னாராம். அங்கே பட்டறைகளுக்கு நடுவில் இடம் கிடைத்திருக்கிறது, வாடையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று பாய் சொன்னார். மரச்சட்டங்களைச் சின்ன லாரியில் ஏற்றும்போது நான் இறங்கிப் போனேன். அவர் மனைவி எனக்கு சலாம் சொன்னார், நிமிர்ந்து பார்க்காமல்.

அன்று சாயங்காலம் குரூப்பில் செகரட்டரியின் செய்தி வந்தது. "கீழ்த்தளம். வீடு காலி. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லவும்."

இப்போது என் ஜன்னலில் எந்த வாடையும் வருவதில்லை. பைண்டர் அத்தியாயத்தை இன்னும் முடிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு புதுச் சீட்டு எடுத்து எழுதினேன். யார் எழுதியது: நான். எதற்கு: பசை வாடை, நேரில் சொல்லப் பயம். பிறகு என்ன ஆயிற்று: வீடு காலி. இத்தனை வருஷத்தில் மூன்று வரியும் நிரம்பிய சீட்டு என்னிடம் அது ஒன்றுதான்.